கீழறையில் ஊறிய நீர்



சென்ற இதழில் மின்கட்டணச் சீட்டைப் படித்துப் பொருள் கொள்ளும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் எடுத்துக்கொண்ட பொருள் சுவரோதம். குறிப்பாக, தரைமட்டத்துக்குத் தாழ அமைந்த அறைகளில் ஊறும் நீர். நான் பொறியாளன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ரயில்வேயில் எழுத்தராக ஊழியம் செய்பவன். ஆயினும் இவ்விஷயத்தில் இரண்டு மழைக்காலம் பாடம் கேட்டிருக்கிறேன். அப்பாடத்துக்கு நான் செலுத்திய கட்டணம் சிறிதன்று. நம் அன்பர்கள் எவரும் அதை மறுபடியும் செலுத்த வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மைசூர் சமதளமான ஊரன்று. ஏற்றமும் இறக்கமுமாகக் கிடப்பது. தெருப்பக்கம் உயர்ந்தும் கொல்லைப்பக்கம் தாழ்ந்தும் உள்ள மனைகள் இங்கே பல உண்டு. அத்தகைய மனைகளில் வீடு கட்டுவோர், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத கீழறை ஒன்றையும் சேர்த்தே கட்டுகிறார்கள். அதன் முன்சுவர் முழுவதும் மண்ணுக்குள் இருக்கும். பக்கச் சுவர்கள் பாதி புதைந்திருக்கும். பின்புறம் கொல்லையை நோக்கித் திறந்திருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன் கடன் பெற்று நான் வாங்கிய வீடு இவ்வகையைச் சேர்ந்தது. பங்குனி மாதத்தில் பார்த்தோம். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். கோடை வெயிலில் வந்தவனுக்கு அந்தக் கீழறையின் குளிர்ச்சி பெரும் பேறாகத் தோன்றிற்று. குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆம்பூருக்கு அருகில் உள்ள சிற்றூரில் தனியாக இருந்த என் தாயாரை அழைத்து வந்து அவ்வறையில் இருக்கச் செய்தோம். முழங்கால் வலியால் படியேற இயலாதவர். அங்கிருந்து கொல்லைக்கும் குளியலறைக்கும் ஒரு படிகூட இல்லை. ஆதலின் அவரே அவ்வறையை விரும்பினார். ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைச் சுவரோரமாக வைத்துக்கொண்டார். என் தந்தையார் ஜோலார்பேட்டைப் பகுதியில் தண்டவாளப் பணியாளராக இருந்து, பணியிலிருக்கும்போதே காலமானவர். அவ்வழியாகக் கிடைத்ததே என் உத்தியோகம். அவருடைய பணிப் பத்திரங்களும், உடன் வேலை செய்தோருடன் அவர் நிற்கும் புகைப்படம் ஒன்றும் அப்பெட்டியில் இருந்தன.

மைசூரில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்திலும் அக்டோபரிலும் அது மிகுதி. முதல் அக்டோபரில் முன்சுவரின் அடியில் கையகலக் கறை ஒன்று தோன்றியது. கடைக்காரர் சொல்லக் கேட்டு, ஈரம் தடுக்கும் பூச்சு என்று விற்கப்படுவதை வாங்கி, உட்புறமாக இருமுறை பூசச் செய்தேன். பதினெட்டாயிரம் ரூபாய் செலவாயிற்று. கறை மறைந்தது, நானும் மறந்தேன். மறு ஆண்டு மே மாதத்தில் தாயாருக்கு இருமல் கண்டது. மருத்துவர், "படுக்கும் இடத்தில் ஈரம் உண்டா?" என்று வினவினார். "இல்லை" என்று நானே விடை சொன்னேன். அருகில் அமர்ந்திருந்த தாயார் ஒன்றும் பேசவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் மாலை, "ஊரிலேயே இருந்துகொள்கிறேனப்பா, என்னை அனுப்பிவிடு" என்றார். காரணம் கேட்டதற்கு, இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவருடைய பொருள்களை எடுத்து வைக்க நான் டிரங்குப் பெட்டியை நகர்த்தினேன். பெட்டிக்குப் பின்னால் அரிசிச் சாக்குகள் நான்கு மடித்துச் செருகப்பட்டிருந்தன. நான்கும் நனைந்து கனத்தன. பூச்சு, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிக் காரையோடு உதிர்ந்திருந்தது. சுவரில் கருநிறப் பூஞ்சணம். ஒரு மழைக்காலம் முழுவதும், நாங்கள் உறங்கிய பின் அவர் சாக்குகளைப் பிழிந்து, கொல்லையில் உலர்த்தி, விடியுமுன் மீண்டும் செருகி வைத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாதம் பிறந்தால் கடன் கட்டுகிறாய். போன வருஷந்தான் அவ்வளவு பணம் போட்டாய். மறுபடியும் எப்படியப்பா சொல்வது?" என்றார்.

பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பத்திரங்கள் ஓரத்தில் நனைந்ததோடு தப்பின. புகைப்படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டிய படத்தை இழுத்துப் பிரிக்கலாகாது. பிரித்தால் முகமே கண்ணாடியில் நின்றுவிடும். ஆகவே கண்ணாடியோடு வைத்தே நகல் எடுத்தோம். தந்தையாரின் இடக்கன்னத்தில் ஒரு வெண்திட்டு விழுந்துவிட்டது. அதற்கு மாற்று இல்லை.

என் கதை இத்துடன் நிற்க. இனிப் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்த பின்னரே காசைத் தொடவேண்டும். அடைத்த அறையின் காற்றில் உள்ள நீராவியும் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்வைபோல் படியும். அதற்கு மருந்து காற்றோட்டம், பூச்சன்று. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் நன்றாக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய பக்கத்தில் ஈரம் இருந்தால் அது சுவரின் வழியாக வருவது. எங்கள் வீட்டில் தாளின் பின்புறமே நனைந்திருந்தது.

அடுத்து, குழாய்க் கசிவா, மழை நீரா என்பதைப் பார்க்கவேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் யாரும் நீரைத் தொடுமுன் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களுக்குத் தொட்டியின் நீர்மட்டத்தையே இவ்வாறு குறித்துப் பார்க்கலாம். கோடையிலும் மழையிலும் ஒரே அளவாக இருக்கும் ஈரம் பெரும்பாலும் குழாயினுடையது அல்லது சாக்கடையினுடையது. பின்னதற்கு நாற்றமும் உண்டு. மழை பெய்து சில மணி நேரத்துக்கெல்லாம் பெருகி, வெயிலில் வற்றுவது மழை நீர். மழை ஓய்ந்து வாரங்கள் கழிந்தும் நிற்பது நிலத்தடி நீராக இருக்கலாம்.

இங்கே மனையின் பூர்வோத்தரத்தையும் விசாரிப்பது நன்று. இன்று தசராப் பொருட்காட்சி நடைபெறும் தொட்டகெரே மைதானம் முற்காலத்தில் ஏரி; பெரிய ஏரி என்பதே அக்கன்னடப் பெயரின் பொருள். நாம் வீட்டைக் கட்டிவிட்டோம் என்பதற்காக நீர் தன் பழைய வழியை விட்டுவிடுவதில்லை. ஓடையாகவும் குட்டையாகவும் இருந்து தூர்க்கப்பட்ட இடத்தில் கீழறை வேண்டாமென்று விட்டுவிடுதலே அறிவுடைமை.

இரண்டாவது, நீரின் வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 2,360 லிட்டர். எங்கள் மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய், அவ்வளவு நீரையும் முன்சுவரின் மூலையில், கடைக்காலின் தலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. முன்முற்றத்து மண்ணும் வீட்டை நோக்கியே சரிந்திருந்தது. போதாக்குறைக்கு என் மனைவி மல்லிகைக்கொடியை அச்சுவரோரமாகவே வைத்து நாள்தோறும் நீர் வார்த்து வந்தாள். மண்ணில் நீர் தேங்கினால், ஓரடி ஆழத்துக்குச் சதுர அடி ஒன்றுக்கு ஏறக்குறைய 28 கிலோ வீதம் அது சுவரை நெருக்கும். நான்கடி ஆழத்தில் அது 113 கிலோ. இந்த நெருக்குதலை உட்புறத்தில் பூசிய காகிதக் கனப் பூச்சு எங்ஙனம் தாங்கும்? நீர் வெளியிலிருந்து தள்ளுகிறது. பூச்சு கழன்று அறைக்குள் விழுகிறது. சுவரில் வெள்ளைப் பொடியாக உப்புப் பூப்பதும் இதனாலேதான். ஊடுருவும் நீர் செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொணர்ந்து, தான் உலர்ந்து, உப்பை விட்டுச் செல்கிறது.

பூச்சு தோற்றபின் நான் நினைத்தது, அறையின் மூலையில் குழி எடுத்து மின் இறைப்பான் ஒன்றை வைத்துவிடுவது. அதைத் தடுத்தவர் எங்கள் தெருவில் மகள் வீட்டில் வசிக்கும் முதியவர் ஒருவர். கோலார் தங்கவயலில் நிலத்தடியில் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு மனிதன் இறங்கிப் பொன் எடுத்த இடம் அது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் சென்றதும் அச்சுரங்கங்களுக்காகவே.

"தம்பி, இறைப்பது வேறு, வழிவிடுவது வேறு. சுரங்கத்தில் இறைக்காமல் தீராது. அங்கே நீர் போகத் தாழ்ந்த இடம் ஏது? 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். இறைப்பு நின்றது, நாங்கள் நடந்த வழியெல்லாம் இன்று நீருக்குள் கிடக்கிறது. உன் வீட்டுக்குப் பின்னால் கொல்லை சரிந்து போகிறது. தானாகப் போகக்கூடிய தண்ணீரை அறைக்குள் அழைத்து வந்து, அதற்கு மின்சாரமும் செலவழிப்பாயா? மழை இரவில் மின்சாரம் நின்றால் என்ன செய்வாய்?" என்றார்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பொறியியல் பிரிவு அலுவலகத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் எந்தெந்த இடத்தில் பக்கவாய்க்கால் தூர் எடுக்கப்பட்டது, எங்கெங்கே மழைக்காலக் காவல் தேவை என்ற பட்டியல்களைத் தட்டெழுதுகிறவன் நான். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் கொட்டுவதற்குரிய காரணங்களுள் ஒன்று, நீர் தங்காமல் வடிய வேண்டுமென்பது. மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் தாங்குசுவர் எழுப்பினால் அதில் வரிசையாகத் துளை விடுகிறார்கள். துளை அடைத்தால் சுவருக்குப் பின்னால் நீர் சேர்ந்து சுவரையே தள்ளிவிடும். இதைத் தாயாரிடம் சொன்னபோது, "உங்கப்பா வைகாசியிலிருந்து மண்வெட்டியும் கையுமாக வாய்க்கால் ஓரத்திலேதானே கிடப்பார்" என்றார். அவர் பிள்ளைக்கு அது காகிதமாக மட்டுமே தெரிந்திருந்தது.

மூன்றாவது, செய்த வேலை. செலவு குறைந்ததை முதலில் செய்தோம். மழைநீர்க் குழாயை நீட்டி, சுவருக்குப் பத்தடி அப்பால் கொல்லைச் சரிவில் விடச் செய்தோம். மல்லிகையை வேலியோரம் மாற்றினோம். முற்றத்து மண்ணைத் திருத்தி, வீட்டிலிருந்து விலக விலகத் தாழும்படி, பத்தடிக்கு ஆறங்குலச் சரிவு கொடுத்தோம். பல வீடுகளுக்கு இதுவே போதும். ஒரு மழை பொறுத்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லலாம். எங்களுக்கு ஈரம் பாதியாகக் குறைந்ததேயன்றி நிற்கவில்லை; தெருவின் மேட்டிலிருந்தும் மண்ணுக்குள்ளாக நீர் வந்துகொண்டிருந்தது.

ஆகவே அனுபவமுள்ள கொத்தனாரையும், அவருக்கு மேற்பார்வையாகப் பொறியாளர் ஒருவரையும் வைத்து, முன்சுவரின் வெளிப்புறத்தைத் தோண்டினோம். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சுவரின் முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டலாகாது. ஆறடி ஆறடியாகப் பகுத்து, ஒன்றை முடித்து மூடிய பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது. பள்ளத்துப் பக்கங்கள் சரியாதபடி பலகை முட்டுக் கொடுக்கவேண்டும். மழை நாளில் ஆள் இறங்கக்கூடாது.

வெளிச்சுவரைத் தேய்த்துக் கழுவி, சிமெண்டுக் காரை பூசி, உலர்ந்தபின் நீர்புகாப் பூச்சும் கொடுத்தோம். நீர் தள்ளும் பக்கத்தில் பூசும் பூச்சே சுவரோடு அழுந்தி நிற்கும். பள்ளத்தின் அடியில் ஜல்லி பரப்பி, அதன்மேல் துளையிட்ட நான்கங்குலக் குழாயை, துளைகள் கீழ்நோக்க, நூறடிக்கு ஓரடி வீதம் சரிவாக வைத்தோம். மேலும் ஜல்லி இட்டு, மண் புகுந்து அடைக்காதபடி முழுவதையும் வடிகால் துணியால் சுற்றி மூடினோம். குழாயின் கடைவாய், வீட்டைச் சுற்றிச் சென்று கொல்லையின் தாழ்ந்த முனையில் திறந்து நிற்கிறது. மேலே களிமண் கெட்டித்து, சுவரோரம் மூன்றடி அகலத்துக்குச் சரிவான தளம் போட்டோம். எல்லாவற்றுக்கும் அறுபத்திரண்டாயிரம் ரூபாய். முதலில் வீணாக்கிய பதினெட்டாயிரம் இதில் சேராது.

உட்சுவரை உடனே பூசிவிடாதீர்கள். கனத்த செங்கல் சுவர் உலர வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும். உதிர்ந்த காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, காற்றாட விட்டு, பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பு ஈரத்தைச் சிறைவைக்காது. பழைய மைசூர்க் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. அவற்றுக்கும் பராமரிப்பு தவறினால் கதி ஒன்றே. 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் மாண்டனர். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. 2022 அக்டோபர் மழையில் அரண்மனைக் கோட்டைச் சுவரிலேயே ஒரு பகுதி விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் பல இருக்கலாம். எனினும் பழஞ்சுவருக்குள் நீர் புக விட்டுப் பாராதிருத்தல் ஆகாது என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

இன்னும் சில எச்சரிக்கைகள். கீழறையில் நீர் நின்றால், மின்சாரத்தை மேலிருந்தே நிறுத்திய பிறகு இறங்குங்கள். மின்கசிவு கண்டு தானே துண்டிக்கும் கருவி இல்லாத வீட்டில் அதை முதலில் பொருத்துங்கள். எரிவாயு உருளையைக் கீழறையில் வைக்கலாகாது. அவ்வாயு காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் வெளியேறாமல் தரையிலேயே தங்கும். பெருமழை இரவில், ஒரே வாயிலுள்ள நிலவறையில் எவரையும் உறங்க விடாதீர்கள். 2024 ஜூலை 27ஆம் நாள் டில்லியில், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து மாணவர் மூவர் உயிர்நீத்ததை நாம் மறக்கவில்லை. நீர் ஊறும் வேகம் வேறு, புகும் வேகம் வேறு.

வேலை முடிந்து வந்த அக்டோபரில், ஓரிரவு பலத்த மழை. உறக்கம் கொள்ளாமல் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே சென்றேன். தாயார் விழித்துத்தான் இருந்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தேன்; உலர்ந்திருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தோம். இருட்டில் குழாயின் கடைவாயிலிருந்து நீர் விழும் ஓசை கேட்டது. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்த தாயார், "இவ்வளவு தண்ணீரா என் தலைமாட்டில் இருந்தது?" என்றார். மறுநாள் காலையில் அவ்விடத்தில் ஒரு குடம் வைத்திருந்தார். இப்போது அந்நீரில் முருங்கைக் கன்று ஒன்று வளர்கிறது. ஊருக்குப் போகும் பேச்சு பிறகு எழவில்லை. இருமல் முற்றிலும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் வருகிறது, மருந்தில் அடங்குகிறது.

பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அவர்கள் இருக்கும் அறையில் ஈரம் உண்டா என்று வாயால் கேட்டால், இல்லையென்றே சொல்வார்கள். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நகர்த்திச் சுவரில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

அடுத்த இதழில், நனைந்த பத்திரங்களுக்கு அலுவலகங்களில் மறுபடி பெறும் விதத்தை எழுத எண்ணியுள்ளேன்.